நங்கூரக் காட்சி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னு எழுதுகிறேன். இங்கே நான் நலம், என் முதுகைத் தவிர. உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அப்பா கஞ்சியை விழுங்குகிறாரா, இன்னும் துப்பித்தான் விளையாடுகிறாரா?

போன் இருக்கும்போது இவள் என்ன கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் அப்பா பக்கத்தில் இருப்பதால் நீங்கள் "ம், சரி, வைக்கட்டா" என்று முடித்துவிடுகிறீர்கள். எனக்கும் உங்கள் குரலைக் கேட்டால் பேச்சு வருவதில்லை. எழுத்தில் என்றால் ஆற அமரச் சொல்லலாம்.

இத்துடன் ஒரு டிஸ்க் வைத்திருக்கிறேன். நம் கப்பல் படம்! எங்கள் கண்ணாடிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி பழைய பாட்டு, படம் விற்பவர் ஒருவர் இருக்கிறார். அங்கே ஒரு பெட்டியின் அடியில் கிடந்தது. அட்டையில் கேப்டனின் முகம் பாதி கிழிந்திருந்தாலும் இடுப்பில் அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு பிரதி எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன்.

எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் புதிதாக ஏதாவது கண்ணில் படுகிறது. முதல் சண்டையில் கடலில் விழுகிறானே ஒரு மீசைக்காரன், அவன் ஒரு தடவை இல்லை, நான்கு தடவை விழுகிறான். அதே மீசை, அதே "ஆ!" எப்போது மேலே ஏறி வருகிறான் என்பதுதான் தெரியவில்லை. கேப்டனின் சிவப்புத் துணி முடிச்சு ஒரு காட்சியில் இடது பக்கம், மறு காட்சியில் வலது பக்கம். பேசிக்கொண்டே எப்போது அவிழ்த்துக் கட்டினாரோ!

அப்பாவையும் உட்கார வைத்துப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.
சின்னு

பிப்ரவரி 25

அன்புள்ள சின்னுவுக்கு,

அண்ணியின் அன்பு. கடிதமும் டிஸ்கும் பத்திரமாக வந்தன. கால் வீக்கத்துக்கு நான் உட்கார வேண்டுமாம், டாக்டர் சொல்கிறார். சலவை நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இஸ்திரி போடும் மெஷின் இன்னும் வரவில்லை. ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பு. யார் யாரோ நிம்மதியாகத் தூங்கி எழுந்த விரிப்புகள்.

மாமா பரவாயில்லை. வலது கை இன்னும் அசையவில்லை. பேச்சு பாதி புரிகிறது, பாதி நான் ஊகித்துக்கொள்கிறேன். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் எதிர்வீட்டு டீச்சர் வந்து உட்காருகிறார். மூன்று மணிக்கு நான் வந்து குளிப்பாட்டி, விரிப்பு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆள் இளைத்துவிட்டார், ஆனால் கனம் குறையவில்லை. அது எப்படி என்று தெரியவில்லை.

உன் அண்ணன் போய் நாளையோடு மூன்று மாதம். டீச்சர் வீட்டு போனில் "நல்லா இருக்கேன், தேட வேண்டாம்" என்று சொன்னதோடு சரி. கோபமாகப் போயிருந்தாலாவது புரிந்திருக்கும். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் இவரோடு கூட நின்ற ஒல்லியின் விரல்கள் கப்பியில் சிக்கித் துண்டாகிப் போன நாளிலிருந்து அவர் வாய் திறக்கவே இல்லை. யார் மேலும் தப்பில்லை என்று கம்பெனி விசாரணையில் எழுதிக் கொடுத்த பிறகும் இல்லை. சுவிட்சைப் போட்டது தன் கை என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. ஒரு நாள் காலையில் தன் கருவிப் பையைத் துடைத்துச் சுவர் ஓரம் வைத்துவிட்டுப் போனார். வேலைக்கு மறந்துவிட்டுப் போகிறாரே என்று பின்னாலேயே வாசல் வரை எடுத்துக்கொண்டு ஓடினேன். முட்டாள் நான்.

படம் இன்னும் போடவில்லை. எனக்குக் கல்யாணமான மூன்றாம் நாள் நீங்கள் மூன்று பேரும் என்னை நடுவில் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டியது ஞாபகம் வருகிறது. நான் சிரிக்கிறேனா என்று படத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏதோ பரீட்சை எழுதுவது போல் இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அண்ணி

மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கும் அப்பாவுக்கும் உடம்பு தேறியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். எனக்கு லேசாகச் சளி. கடையில் எல்லாரும் ஃப்ரேமைப் போட்டுப் பார்த்து என் முகத்துக்கு நேரே தும்முகிறார்கள்.

பரீட்சையில் நீங்கள் பாஸ், அண்ணி. சமையல்காரன் வந்ததும் சிரித்துவிட்டீர்கள். கப்பலே தீப்பிடித்து எரிகிறது, அவன் பாட்டுக்கு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருக்கிறான். ஒருத்தன் வாளோடு உள்ளே பாய்ந்தால் கரண்டியால் ஒரு போடு போட்டுவிட்டு, அதே கரண்டியால் மறுபடி கிண்டுகிறான்.

இந்தத் தடவை கவனித்தவை: கேப்டன் மனைவி உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாளே, மையைத் தொட்டுத் தொட்டு எழுதுகிறாள், காகிதம் வெள்ளையாகவே இருக்கிறது. அவள் அழுதுகொண்டே அதை மடித்துக் கொடுக்க, கேப்டன் பிரித்துப் படித்து அவரும் அழுகிறார். என்னத்தைப் படித்தாரோ. அப்புறம் நம் மொழியில் பேச வைத்தவர்கள் செய்த வேலை. எதிரித் தளபதி அரை நிமிஷம் வாயை அசைக்கிறான், நமக்குக் கேட்பது "சரி" மட்டும். பின்னால் இருக்கும் வானம் துணி. நடுவில் ஒரு மடிப்பு தெரிகிறது. காற்று அடித்தால் வானமே ஆடுகிறது!

எல்லாம் சரியாகும் அண்ணி. மனசை விட்டுவிடாதீர்கள். நீங்களும் ஒருநாள் படத்தைப் போடுங்கள்.

பிரியமுள்ள
சின்னு

மார்ச் 30

அன்புள்ள சின்னு,

சளி போயிற்றா? தும்முகிறவர்களைத் திரும்பி நிற்கச் சொல். இங்கே மாமாவுக்கு முதுகில் புண் வருவது போல் இருந்தது, மருந்து போட்டு ஆறிவிட்டது. நான் இருக்கிறேன்.

படம் பார்த்தோம். மாமாவுக்கு ஒரே மூச்சில் உட்கார முடியாது என்பதால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார வைத்தேன். மீசைக்காரன் விழ விழ மாமா இடது கை விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். நீ சொன்னது தப்பு. ஐந்து தடவை விழுகிறான். புகைக்குள்ளே ஒரு தடவை விழுவது உன் கண்ணில் படவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து என்ன பிரயோஜனம்?

நானும் ஒன்று கண்டுபிடித்தேன். இருபது நாள் கடலில் சுற்றுகிறார்கள், அத்தனை பேர் சட்டையும் அழுக்கு, கேப்டன் சட்டையில் மட்டும் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. அந்தக் கப்பலிலும் என்னைப் போல் ஒருத்தி எங்கோ அடித்தட்டில் நின்றுகொண்டிருந்திருப்பாள். அவளைக் காட்டவில்லை.

அப்புறம் அந்த நங்கூரக் காட்சி வந்தது. நங்கூரத்தை இறக்குகிறவன் பின்னால் பார்க்காமல் கட்டையைத் தட்டிவிட, சமையல்காரனின் கை கயிற்றில் மாட்டிக்கொண்டு அவன் கப்பல் முழுக்கக் குதித்துக் குதித்து ஓடுகிறானே, அதுதான். எத்தனை தடவை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். மாமா சிரித்தார், சின்னு. படுத்த படுக்கையான பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மாமாவுக்கு ஒல்லியின் விஷயம் தெரியாது. உன் அண்ணன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

உன் அண்ணி

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கமும் அன்பும். அப்பா சிரித்தார் என்று படித்ததும் கடையில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். சளி போய்விட்டது. உங்களுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதா, வாங்கி அனுப்பட்டுமா?

ஐந்து தடவை என்பது சரிதான். நேற்று மறுபடி போட்டு எண்ணியாயிற்று. உங்கள் இஸ்திரிக் கண்ணுக்கு ஒரு கும்பிடு.

இன்னொன்று கேளுங்கள். பெரிய பாயை மேலே ஏற்றும் இடத்தில் கப்பி தலைகீழாக மாட்டியிருக்கிறது. கயிறு பள்ளத்தில் உட்காரவே இல்லை, விளிம்பில் உரசிக்கொண்டு போகிறது. அந்தக் கனத்துக்கு மூன்றாவது இழுப்பிலேயே கயிறு அறுந்திருக்க வேண்டும். ஆனால் கேப்டன் ஏறிப்போகும் கயிற்றில் போட்டிருக்கும் முடிச்சு உண்மையான முடிச்சு. அதைப் போட்டவன் தொழில் தெரிந்தவன். படம் எடுத்தவர்களில் ஒரே ஒரு ஆளுக்காவது வேலை தெரிந்திருக்கிறது.

நங்கூரக் காட்சியை மட்டும் பார்க்காமல் ஓட்டிவிட்டோம்.

வேறு விசேஷம் இல்லை.
சின்னு

ஏப்ரல் 15

சின்னு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

செருப்பு வாரை மாட்டத் தெரியாமல் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பவள் நீ. கப்பி தலைகீழாக மாட்டியிருப்பது உனக்கு எப்படித் தெரியும்? "ஓட்டிவிட்டோம்" என்று எழுதியிருக்கிறாய். நீயும் யாரும்?

உன் மூன்று கடிதங்களையும் எடுத்து வைத்துத் திரும்பப் படித்தேன். "அண்ணனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா" என்று ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை.

பதில் எழுது.

அண்ணி

ஜூன் 3

அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஏழு வாரமாக இதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

அண்ணன் இங்கேதான் இருக்கிறார். அங்கிருந்து கிளம்பிய ஐந்தாம் நாள் மத்தியானம் வந்தார். கதவைத் திறந்தால் ஒற்றைச் சட்டையோடு நிற்கிறார், ஆளே உருக்குலைந்து போயிருந்தார். "அவகிட்ட சொன்னேன்னா இங்கயிருந்தும் போயிடுவேன்" என்றார். அப்புறம் எங்கே போவார், என்ன செய்துகொள்வார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். போன் வேண்டாம் என்று நான் சொன்னதும் அதனால்தான். பக்கத்தில் அவர் இருமினாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பின்கட்டு அறையில் படுக்கிறார். பகலில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. அது ஆறாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, அதன் பக்கமே போவதில்லை, படி ஏறித்தான் போகிறார். வீட்டில் பேச்சே கிடையாது. ஜனவரியில் ஒருநாள் ஏதாவது பேச மாட்டாரா என்றுதான் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டேன். மீசைக்காரன் விழுந்தான். "மறுபடியும் அவனேதான்" என்றார். இரண்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, அண்ணி. அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போடுகிறேன். படம் ஓடும்போது மட்டும் பேசுவார். முடிந்ததும் பழையபடி சுவர்.

சிவப்புத் துணி, வெள்ளைக் காகிதம், கப்பி எல்லாம் அவர் சொன்னது. அவர் பேச்சு அதுவாவது உங்களிடம் வந்து சேரட்டும் என்றுதான் எழுதினேன். உங்கள் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். கருவிப் பையோடு நீங்கள் வாசல் வரை ஓடியதை மட்டும் படிக்கவில்லை. கேப்டன் சட்டை மடிப்பைப் படித்தபோது எழுந்துபோய் முகம் கழுவினார். நங்கூரக் காட்சி வந்தால் படம் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொள்வார். அதனால்தான் ஓட்டிவிடுகிறோம்.

நீங்கள் அங்கே என் அப்பாவைத் தூக்கிப் புரட்டிக்கொண்டிருக்கும்போது நான் இங்கே உங்கள் கணவரை ஒளித்து வைத்துக்கொண்டு படக்கதை எழுதினேன். திட்டுங்கள்.

சின்னு

ஜூன் 8

சின்னு,

ஆறு மாதம். ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன், பிணவறை வரை போய்ப் பார்த்திருக்கிறேன். பிணவறைக்கு இரண்டு தடவை. இரண்டாம் தடவை அங்கிருந்த காவலாளி "பயப்படாதீங்கம்மா, இன்னைக்கு உயரமான ஆள் யாரும் வரல" என்றான். இதை நான் உனக்கு எழுதவில்லை, நீ வருத்தப்படுவாயே என்று.

மாமாவுக்குச் சுகம் குறைவில்லை.

ஜூலை 2

சின்னுவுக்கு,

இங்கே இருவரும் நலம். அதற்கப்புறம் நீ எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை. கோபம் என்று வைத்துக்கொள். உண்மையில் கோபப்படவும் தெம்பு இல்லை. வேலை முடிந்து வந்து மாமாவுக்குச் செய்து முடித்தால் கோபத்துக்கு நேரம் மிஞ்சுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சரை உட்கார வைத்துவிட்டு ஒல்லியைப் பார்க்கப் போனேன். இத்தனை நாள் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? இப்போது உன் அண்ணன் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு போகாமல் இருக்க முடியவில்லை.

ஒல்லி இப்போது ஒரு பெரிய கட்டிடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிறார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இடது கையால் கிழித்துக் கொடுக்கிறார். வலது கையில் கட்டை விரல் மட்டும் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கூண்டுக்கு வெளியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கக்கா, கால் வீங்கியிருக்கு" என்றார். அவருக்கு நான் ஆறுதல் சொல்லப் போனால் அவர் என் காலைப் பார்க்கிறார்.

"அவரு மேல கோபமா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கேன். கை போனதுக்கு இல்ல. இருபத்தி மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். ஒரு தடவ எட்டிப் பார்க்கல. கதவு திறக்குறப்பல்லாம் அவருதான்னு தலையத் தூக்கிப் பார்ப்பேன். அதுக்குத்தான் கோபம்."

ஒரு வண்டி வந்தது. சீட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு அவரு கீழயிருந்து ‘ஆச்சா’ன்னு கேட்டாரு. நான்தான் ‘ஆச்சு’ன்னேன். சொன்னப்புறம் துணி ஒண்ணு உள்ள விட்டுட்டது ஞாபகம் வந்து, மறுபடியும் கைய விட்டேன். விசாரணையில சொல்லல. சொன்னா இந்தக் கூண்டு வேலைகூடக் குடுக்க மாட்டாங்கன்னு பயம். அவருகிட்ட மட்டும் நேர்ல சொல்லிடணும்னு இருந்தேன். வந்தாத்தானே சொல்றது?"

இவர் "ஆச்சு" என்று கேட்டது தன் பிரமை, யாரோ படியில் பேசியதைத் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்றுதான் தூக்கத்தில் உளறிக்கொண்டே இருந்தார். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏழு மாதமாக ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறோம்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இதை நீ அவருக்குப் படித்துக் காட்டக் கூடாது. ஒரு எழுத்துகூட. ஒல்லி தன் வாயால் சொல்ல வேண்டியது இது. "ஒல்லி உங்களைப் பார்க்கணுமாம், கோபமாத்தான் இருக்காராம்" என்று மட்டும் சொல். இத்தனை நாள் என்னிடம் மறைக்கத் தெரிந்ததே, இதையும் மறை.

அதற்கப்புறமும் அவர் போகவில்லை என்றால் அங்கேயே இருக்கட்டும். எனக்கு அனுப்ப வேண்டாம்.

அண்ணி

ஜூலை 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கால் தேவலையா? என்னை இப்படிக் கேட்க விட்டதற்கே உங்களுக்கு நன்றி.

நீங்கள் சொன்னபடி அந்த ஒரு வரியைத்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் வேலைக்குப் போனார், வந்தார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். தினமும் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே அவர் முகம் மாறிவிடும் என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கொடுமை, அண்ணி. அவரை உங்களிடம் மறைத்ததுகூட இத்தனை கஷ்டமாக இல்லை.

சனிக்கிழமை வழக்கம்போல் படத்தைப் போட்டேன். நங்கூரக் காட்சி வந்ததும் ஓட்டப் போனேன். "விடு" என்றார். உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. முடிந்ததும் "சமையல்காரன் அதுக்கப்புறம் அவன்கூடப் பேசவே இல்ல, பார்த்தியா?" என்றார். பிறகு, "கோபமாத்தான் இருப்பான். இருக்கட்டும். திட்டட்டும்" என்றார்.

இன்று காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் நின்று, "முதல்ல ஒல்லியப் பார்க்கறேன். அப்புறம் வீட்டுக்குப் போறேன். அவ உள்ள விட்டா உண்டு" என்றார். பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்து அனுப்பினேன்.

இந்தக் கடிதம் முந்துமா, அவர் முந்துவாரா தெரியவில்லை.

சின்னு

ஜூலை 27

அன்புள்ள சின்னு,

நாங்கள் சுகம். "நாங்கள்" என்பதில் மூன்று பேர்.

அவர்தான் முந்தினார். உன் கடிதம் மறுநாள் வந்தது. அன்று எனக்கு மத்தியான வேலை என்பதால் காலையில் வீட்டில் இருந்தேன். பதினொரு மணி இருக்கும். வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒல்லி முன்னால், இவர் பின்னால். இரண்டு பேர் கண்ணும் வீங்கியிருந்தது. "அக்கா, கொண்டுவந்து சேர்த்துட்டேன், எனக்கு டூட்டி இருக்கு" என்று ஒல்லி அங்கிருந்தே திரும்பிவிட்டார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

எட்டு மாதமாக இந்த நிமிஷத்துக்கு எத்தனை வசனம் சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? கதவைச் சாத்துவது போல், கன்னத்தில் அறைவது போல், அழுவது போல், ஒன்றுமே நடக்காதது போல். ஒன்றும் வரவில்லை. மாமாவைப் புரட்டும் நேரம். நான் உள்ளே போய் அவர் தோள் பக்கம் நின்றேன். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கேட்காமல் கால் பக்கம் பிடித்தார். புரட்டினோம். மாமா மகனின் சட்டை நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டார். சாப்பிடும்போதும் விடவில்லை. மகன் ஒரு கையால் ஊட்டினார்.

இன்னும் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. "உப்பு இருக்கா?", "டீச்சர் வந்தாங்களா?" என்ற அளவில்தான் ஓடுகிறது. மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. பிணவறைக்குப் போனதை அவரிடம் ஒருநாள் சொல்வேன். இப்போது இல்லை. பழைய வேலைக்குப் போவாரா என்பதும் தெரியாது. மாமாவைப் பகலில் அவர் பார்த்துக்கொள்கிறார். புதுசு என்பதால் கஞ்சியை மேலெல்லாம் சிந்துகிறார். டீச்சருக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைக் கடிதத்தில் காட்டினால் போதாது. லீவு போட்டுவிட்டு அடுத்த மாதம் வா, நேரில் வைத்துக்கொள்கிறேன். உன் முதுகுக்கு இங்கே ஒரு டாக்டர் இருக்கிறார், அவரிடமும் காட்டலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா கொஞ்சம் காலை நீட்டலாம் என்று படுத்தேன். இரண்டு மணிக்கு எழுந்து மாமாவைப் புரட்ட வேண்டும். கண் விழித்தால் வெளியே வெயில் சாய்ந்திருக்கிறது. பதறிக்கொண்டு ஓடினேன். மாமா வேறு பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், விரிப்பு மாற்றியிருந்தது. இவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "ஆறு மணிதான் ஆகுது, இன்னும் கொஞ்ச நேரம் படு" என்றார்.

போய்ப் படுத்தேன், சின்னு. மறுபடியும் தூங்கிவிட்டேன்.

உன்
அண்ணி